ஊசிக்கு முன் படம்

மார்பகத்தில் கட்டி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் மேமோகிராம் எடுக்கிறார்கள். கல்லீரல் என்றால் சிடி ஸ்கேன், இல்லையென்றால் எம்ஆர்ஐ. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று பார்த்த பிறகுதான் அந்த இடத்தில் ஊசியைச் செலுத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் மருத்துவத்தில் இதுதான் இயல்பான வரிசை. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கு மட்டும் இந்த வரிசை நெடுங்காலம் பொருந்தவில்லை. ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதம் கூடியிருந்தால் நேராக ஊசிதான். கட்டி இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாமலே சுரப்பியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குத்திச் சதை எடுத்தார்கள். இந்த முறை மாறிப் பத்தாண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. மாற்றியது எம்ஆர்ஐ ஸ்கேன்.

புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் சிறிய சுரப்பி. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே புகுந்து வெளியே வருகிறது. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. பிஎஸ்ஏ என்பதும் இந்தச் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்தான்; விந்து கட்டிப்போகாமல் நீர்த்துப்போக உதவுகிறது. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது. புற்றுநோய் வந்தால் கசிவு கூடும். ஆனால் வயதானால் வரும் சாதாரண வீக்கத்திலும் கூடும், கிருமித்தொற்று வந்தாலும் கூடும். அதனால் பிஎஸ்ஏ கூடியிருப்பது புற்றுநோய் என்று பொருளல்ல. மேலே பார்க்க வேண்டும் என்பதுதான் பொருள். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல் இருந்தது.

அல்ட்ராசவுண்ட் கருவியை மலக்குடல் வழியே வைத்துப் பார்த்தால் சுரப்பியின் எல்லை நன்றாகத் தெரியும். உள்ளே இருக்கும் புற்றுநோய் பல நேரம் தெரியாது. அதைச் சுற்றியுள்ள நல்ல சதையும் அதுவும் ஒலியை ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. கட்டியைக் காட்டாவிட்டாலும் சுரப்பியைக் காட்டுகிறதே, அதையாவது பயன்படுத்துவோம் என்றுதான் 1989-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆறு இடங்களில் முறையாகக் குத்திச் சதை எடுக்கும் பயாப்சியை வகுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம்தான். பிறகு ஆறு பத்தானது, பன்னிரண்டானது.

இந்த முறையில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் உடனே புரியும்: குத்திய இடங்களுக்கு இடையில் கட்டி தப்பிவிடலாம். ஊசி பின்புறமாக மலக்குடலின் பக்கத்திலிருந்து போவதால் சுரப்பியின் முன்பகுதியில் ஒளிந்திருக்கும் கட்டிக்குத் தப்பிக்கும் வாய்ப்பு மிக அதிகம். பயாப்சியில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் பிஎஸ்ஏ ஏறிக்கொண்டே போய், மறுபடி மறுபடி பயாப்சிக்குப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். ஊசி மலக்குடல் சுவரைத் துளைத்துப் போவதால் தொற்று, காய்ச்சல், சிலருக்கு ரத்தத்தில் நச்சு ஏறுவது என்று ஒவ்வொரு முறையும் ஓர் அபாயம் வேறு.

இரண்டாவது குறை சட்டென்று புரியாது. ஆனால் அதுதான் பெரியது. குருட்டாம்போக்கில் குத்தும் ஊசி, தேடவே வேண்டாத புற்றுநோயையும் கண்டுபிடித்துவிடுகிறது. வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடலைப் பரிசோதித்தால் பலருடைய புராஸ்டேட்டில் சிறு புற்றுநோய்த் துளிகள் இருக்கும். அவை அவர்களைக் கொல்லவில்லை. அவை இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. புராஸ்டேட் புற்றுநோயின் வீரியத்தை அளக்க, 1960-களில் டொனால்டு கிளீசன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்திருக்கின்றன என்பதை வைத்துப் போடும் மதிப்பெண். இன்றைய வழக்கில் 6 என்பது மிகக் குறைவு, 10 மிக மோசம். 6 வாங்கிய புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் அறிக்கையில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லைப் படித்துவிட்ட ஒருவரால் நிம்மதியாகத் தூங்க முடியுமா? அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போய்விடுவார். சிலருக்கு அதன் பிறகு சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் கசியும். தாம்பத்திய வாழ்க்கை பாதிக்கப்படும். தேவையில்லாத சிகிச்சைக்காக இவ்வளவு விலை கொடுப்பது கொடுமை.

பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வு இதற்கு அழுத்தமான சான்று. பிஎஸ்ஏ பரிசோதனை மூலம் கண்டறியப்பட்டு, புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவை, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது பிரிவினருக்குச் சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பு மட்டும். 2023-இல் வெளியான 15 ஆண்டு முடிவில், எந்தப் பிரிவானாலும் ஏறத்தாழ 97 சதவீதம் பேர் இந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பிற இடங்களுக்குப் பரவியது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். பொறுத்திருப்பது எல்லோருக்கும் ஏற்றதல்ல. யாருக்கு ஏற்றது என்று பிரித்தறிய வேண்டும். எம்ஆர்ஐயின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அதிகப் புற்றுநோய்களைக் கண்டுபிடிக்கும் கருவியாக அதைப் பார்த்தால் பாதிதான் புரியும். தேட வேண்டியதையும் விட்டுவிட வேண்டியதையும் பிரித்துக்கொடுக்கும் கருவி அது.

எம்ஆர்ஐ எப்படி இதைச் செய்கிறது? நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு நுண்ணிய காந்தம். ஸ்கேன் குழாயின் காந்தப்புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 60,000 மடங்கு. அந்தப் புலத்தில் சீராகும் ஹைட்ரஜன் கருக்களை வானொலி அலையால் ஒரு கணம் சாய்த்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளியிடும் அலையைக் கருவி பதிவு செய்கிறது. திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் சதைக்குச் சதை மாறும். அந்த வேறுபாடுதான் படமாகிறது. இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது.

புராஸ்டேட்டுக்கு எடுப்பது ஒரே படமல்ல, மூன்று வகைப் படங்கள். முதலாவது டி2 படம். சுரப்பியைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு துண்டாகக் காட்டும். பின்புறம் பிறை வடிவில் வெளிப்பகுதி. அங்கே சுரப்பிக் குழல்களில் திரவம் நிறைந்திருப்பதால் படத்தில் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். புராஸ்டேட் புற்றுநோயில் பத்துக்கு ஏழு இந்த வெளிப்பகுதியில்தான் தொடங்குகிறது. செல்கள் பெருகிக் குழல்களை அடைத்துவிட, திரவத்துக்கு இடமில்லாமல் போகும். வெண்பிறையில் அந்த இடம் மட்டும் கறுத்துப்போகும். நடுப்பகுதியில் இவ்வளவு எளிதல்ல. வயதானவர்களின் வீக்கம் அங்கேதான் வருகிறது. வெள்ளையும் கறுப்புமாக முடிச்சு முடிச்சாக, ஒவ்வொரு முடிச்சுக்கும் கோடு போட்டதுபோல் ஓரம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஓரமே இல்லாத ஒரு கருமை தென்பட்டால் கதிரியல் மருத்துவர் அங்கே நின்றுவிடுவார். கரிக்கோட்டை விரலால் தேய்த்து அழித்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அது.

இரண்டாவது விரவல் படம். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உண்மையான நாயகன் இதுதான். தண்ணீர் மூலக்கூறுகள் உடலின் வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கின்றன. திரவம் நிறைந்த குழலில் அவை தாராளமாக அலையும். செல்கள் நெருங்கி அடைந்திருக்கும் கட்டிக்குள் அவற்றுக்கு நகர இடமில்லை. காந்தப்புலத்தைச் சற்றே சரித்து மாற்றி மாற்றிச் செலுத்தினால், எந்த இடத்தில் தண்ணீர் அலைகிறது, எந்த இடத்தில் முடங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆக, செல்கள் எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்பதை உடலைத் தொடாமலே மறைமுகமாக அளக்கிறோம். வீரியமுள்ள புற்றுநோயில் செல்கள் பொதுவாக அதிகம் அடர்ந்திருக்கும். அதனால் இந்தப் படத்தில் அவை நன்றாகத் தெரிகின்றன. சிறியதும் வீரியம் குறைந்ததுமான புற்றுநோய்கள் பல தெரிவதே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் கருவியின் குறைபாடு. நோயாளிக்கோ அது பெரிய நன்மை.

மூன்றாவது படத்துக்குக் கையில் ஊசி போட்டு கடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்துகிறார்கள். கட்டிக்குப் புது ரத்தநாளங்கள் முளைத்திருப்பதால் மருந்து அங்கே முந்திப் போய்ச் சேரும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்து, சந்தேகத்துக்குரிய ஒவ்வோர் இடத்துக்கும் கதிரியல் மருத்துவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார். இதற்குப் பை-ராட்ஸ் என்று பெயர். ஐரோப்பியக் கதிரியல் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் சேர்ந்து திருத்தியது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2019-இல் வந்த வடிவம். வெளிப்பகுதியில் விரவல் படத்துக்கும் நடுப்பகுதியில் டி2 படத்துக்கும் முதலிடம் கொடுக்கிறார்கள். 1, 2 என்றால் வீரியமுள்ள புற்றுநோய்க்கு வாய்ப்புக் குறைவு. 4, 5 என்றால் அதிகம். 3 இரண்டும் கெட்டான் நிலை.

இந்தப் படங்களை நம்பலாமா என்று நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தது பிரிட்டனின் புரோமிஸ் ஆய்வு. அதன் துணிச்சல் வியக்கவைப்பது. ஹாஷிம் அகமது, மார்க் எம்பர்ட்டன் முதலியோர் நடத்திய அந்த ஆய்வில், 11 மருத்துவமனைகளில் அதுவரை பயாப்சி செய்துகொள்ளாத 576 ஆண்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, அச்சுத்தட்டு வைத்துச் சுரப்பி முழுவதும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். கூடவே வழக்கமான பயாப்சியும் செய்தார்கள். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் குத்திய பிறகு பெரிய கட்டி எதுவும் தப்ப முடியாது. எனவே உண்மை என்ன என்று தெரிந்துவிட்டது. அதை வைத்து எம்ஆர்ஐ, வழக்கமான பயாப்சி இரண்டையும் உரசிப் பார்க்கலாம். ஊசி போட்ட மருத்துவர்களுக்கு எம்ஆர்ஐயில் என்ன இருந்தது என்று சொல்லப்படவில்லை. இன்னொருவருக்கு உதவும் என்ற நம்பிக்கையில் இத்தனை ஊசிகளைத் தாங்கிக்கொண்ட அந்த ஆண்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

2017-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் உள்ளவர்களில் எம்ஆர்ஐ 93 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது. வழக்கமான பயாப்சி பிடித்தது 48 சதவீதம். பாதிக்கும் குறைவு! கால் நூற்றாண்டாக உலகம் முழுக்க நம்பியிருந்த பரிசோதனை அது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அப்படிப்பட்ட புற்றுநோய் இல்லாதவர்களில் ‘இல்லை’ என்று எம்ஆர்ஐ சரியாகச் சொன்னது 41 சதவீதம் பேருக்குத்தான். பழைய தொற்றின் தழும்பு, அழற்சி, வீக்க முடிச்சு ஆகியவையும் படத்தில் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே எம்ஆர்ஐ சந்தேகப்பட்டால் பயாப்சி செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். சந்தேகப்படாவிட்டால் பலர் பயாப்சியைத் தவிர்க்கலாம். அப்படித் தவிர்க்கக்கூடியவர்கள் 27 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

அடுத்த ஆண்டே வீரு காசிவிஸ்வநாதன் முதன்மை ஆசிரியராக ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் பிரிசிஷன் ஆய்வு வெளியானது. 11 நாடுகளில் 500 ஆண்கள். சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முறை. மறு பாதிக்கு முதலில் எம்ஆர்ஐ. அதில் ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஊசி, தெரியாவிட்டால் ஊசியே இல்லை. எம்ஆர்ஐ பிரிவில் 28 சதவீதம் பேர் பயாப்சி இல்லாமலே வீட்டுக்குப் போனார்கள். அப்படியிருந்தும் சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் எம்ஆர்ஐ பிரிவில் 38 சதவீதம் பேரிடமும் பழைய முறையில் 26 சதவீதம் பேரிடமும் கிடைத்தது. தேவையில்லாமல் தோண்டியெடுக்கும் சில்லறைப் புற்றுநோய் பழைய முறையில் 22 சதவீதம் பேரிடம். எம்ஆர்ஐ பிரிவில் 9 சதவீதம்தான். ஊசி குறைந்தது, வேண்டியது கூடக் கிடைத்தது, வேண்டாதது குறைந்தது. மூன்றும் ஒருசேர நடப்பது மருத்துவத்தில் அபூர்வம். 2019-இல் பிரிட்டனின் அரசு வழிகாட்டி அமைப்பான நைஸ், புற்றுநோய் சுரப்பிக்குள் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவோருக்கு முதல் பரிசோதனையாக எம்ஆர்ஐயைப் பரிந்துரைத்தது.

படத்தில் தெரிந்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோவதும் ஒரு கலைதான். பயாப்சி நடக்கும்போது திரையில் ஓடுவது அல்ட்ராசவுண்ட் படம். கட்டி தெரிந்ததோ எம்ஆர்ஐயில். கணினி உதவியுடன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் குறிவைப்பது ஃப்யூஷன் பயாப்சி. அந்தக் கருவி இல்லாத இடத்தில் அனுபவமுள்ள மருத்துவர் எம்ஆர்ஐயை மனத்தில் வாங்கிக்கொண்டு கைப்பழக்கத்தில் செய்வார். மலக்குடலைத் தொடாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியே ஊசியைச் செலுத்துவதும் இப்போது பரவிவருகிறது. தொற்று அபாயத்தை அது குறைக்கிறது. முன்பகுதிக் கட்டியை எட்டவும் வசதி.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நுணுக்கமான எடுத்துக்காட்டு உண்டு. பயாப்சி செய்தால் சுரப்பிக்குள் ரத்தம் கசிந்து வாரக்கணக்கில் தங்கும். அந்த ரத்தம் படத்தில் கட்டிபோலத் தெரிந்து குழப்பும். அதனால் பயாப்சிக்குப் பிறகு எம்ஆர்ஐ என்றால் குறைந்தது ஆறு வாரமாவது காத்திருக்கச் சொல்வார்கள். இதிலும் ஓர் அதிசயம். நல்ல புராஸ்டேட் சதையில் சிட்ரேட் என்ற வேதிப்பொருள் மிக அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் குணம் அதற்கு உண்டு. அதனால் நல்ல சதையில் ரத்தக் கசிவு நீண்ட நாள் தங்கும். புற்றுநோயில் சிட்ரேட் குறைவு. ரத்தம் அங்கே அவ்வளவாகத் தங்காது. சுற்றிலும் ரத்தக்கறை படிந்திருக்க நடுவில் ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தால், அனுபவசாலி அந்தச் சுத்தமான இடத்தைத்தான் சந்தேகிப்பார்.

அறிக்கையில் நோயாளிகள் கவனிக்காமல் விடும் எண் ஒன்று இருக்கிறது: சுரப்பியின் கன அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். பிஎஸ்ஏ எண்ணை இதனால் வகுத்தால் பிஎஸ்ஏ அடர்த்தி. இரண்டு பேருக்குமே பிஎஸ்ஏ 6 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சுரப்பி 60 மில்லிலிட்டர், அடர்த்தி 0.10. பெரிய சுரப்பி, அதனால் பிஎஸ்ஏயும் கூடுதல் என்று பெரும்பாலும் சமாதானமாகலாம். மற்றவருக்கு 30 மில்லிலிட்டர்தான், அடர்த்தி 0.20. வழக்கமாகக் கொள்ளும் எல்லையான 0.15-ஐ அது தாண்டிவிட்டது. படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டாமவரை மருத்துவர் எளிதில் விட்டுவிட மாட்டார். பை-ராட்ஸ் 3 என்ற இரண்டும் கெட்டான் நிலையில் பயாப்சி வேண்டுமா என்று முடிவெடுக்கப் பல நேரம் இந்த எண்தான் கை கொடுக்கிறது.

புற்றுநோய் உறுதியான பிறகும் எம்ஆர்ஐக்கு வேலை இருக்கிறது. கட்டி சுரப்பியின் உறையைக் கிழித்து வெளியே வந்துவிட்டதா, விந்துப்பைக்குள் புகுந்துவிட்டதா என்று பார்க்கலாம். சுரப்பியின் இருபுறமும் ஒட்டியபடி ஓடும் நரம்புக் கற்றைகள்தான் விறைப்புக்குக் காரணம். கட்டி அவற்றை நெருங்கவில்லை என்று படத்தில் தெரிந்தால் அறுவை மருத்துவர் அவற்றைக் காப்பாற்ற முயல்வார். கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது எம்ஆர்ஐ எடுத்துக் கட்டி வளர்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளை மறைக்கக் கூடாது. எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை என்று வந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புரோமிஸ் ஆய்வில் சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் இருந்தது. படம் எடுத்த விதமும் படித்த கண்ணும் முக்கியம். மலக்குடலில் வாயு நிறைந்திருந்தாலே விரவல் படம் கோணிப்போகும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு உலோகம் படத்தைக் கெடுக்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அது எம்ஆர்ஐக்கு ஏற்ற வகையா என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் மருந்து ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

செலவும் நேரமும் நம் ஊரில் பெரிய தடை. இதில் நல்ல சேதி ஒன்று வந்திருக்கிறது. மூன்றாவது படம், அதாவது மருந்து ஊசி போட்டு எடுப்பது, உண்மையில் தேவைதானா என்று பிரைம் என்ற பன்னாட்டு ஆய்வு சோதித்தது. 2025-இல் வெளியான முடிவின்படி, முதல் இரண்டு படங்களை மட்டும் வைத்தே சிகிச்சை தேவைப்படும் புற்றுநோயை 29 சதவீதம் பேரிடம் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்றையும் வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே 29 சதவீதம்தான். படம் தரமாக எடுக்கப்பட்டால் மருந்தும் வேண்டாம், நேரமும் பாதியாகக் குறையும். ஒரே கருவியில் ஒரு நாளைக்கு இன்னும் அதிகம் பேருக்குப் பார்க்கலாம். கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை. உலகில் 2020-இல் 14 லட்சமாக இருந்த, ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் புராஸ்டேட் புற்றுநோய் எண்ணிக்கை 2040-இல் 29 லட்சமாகும் என்று லான்செட் ஆணையம் கணித்திருக்கிறது. ஆயுள் கூடிவரும் இந்தியா போன்ற நாடுகளில்தான் இந்தப் பெருக்கம் வேகமாக இருக்கும். நம் நாட்டில் இன்றும் கணிசமானோர் நோய் எலும்புக்குப் பரவி, முதுகுவலி தாங்காமல்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் நான் இங்கே சொன்ன கணக்குகள் பொருந்தாது. வேறு பரிசோதனைகள், வேறு சிகிச்சைகள்.

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். பிஎஸ்ஏ கூடியிருக்கிறது என்று அறிக்கை வந்தால் பயந்து ஓடவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். சில வாரம் கழித்து ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். அப்போதும் கூடியிருந்து பயாப்சி என்று பேச்சு வந்தால், “டாக்டர், அதற்கு முன்னால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாமா?” என்று தயங்காமல் கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் பை-ராட்ஸ் மதிப்பெண் என்ன, சுரப்பியின் அளவு என்ன, பிஎஸ்ஏ அடர்த்தி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு ஊசிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.